இரவல் சோபா

1.

"ஏன் இல்லைன்னு காரணம் சொல்லுங்க சார்."

அறக்கட்டளையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே கிறிஸ்டினாவுக்குச் சொல்லிவிட்டார்கள்: எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்காதே. கொடுக்கிறவரிடம் 'ஏன் கொடுத்தீர்கள்' என்று யாராவது கேட்கிறார்களா? அப்புறம் 'ஏன் கொடுக்கவில்லை' என்று மட்டும் எப்படிக் கேட்கலாம்? இது செயலாளர் வேதாசலம் சாரின் வாதம். கேட்டுவிட்டாள். வெள்ளிக்கிழமை, கமிட்டி உட்கார்ந்திருந்த நீள மேஜைக்கு எதிரில், நின்றபடி. குரல் அவள் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது.

(கதையை இங்கே தொடங்குவது தப்பு. இவள் யார், எதைக் கேட்கிறாள் என்று உங்களுக்குத் தெரியாது. தெரியாமலே 'என்ன திமிர்' என்று தோன்றியிருந்தால் பரவாயில்லை. அதை அப்படியே கையில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.)

2.

இந்தக் கதை ஒரு சோபாவிலிருந்து வந்தது. மெரூன் நிறம், மூன்று பேர் உட்காரலாம், பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கவில்லை. சோபாவிலிருந்து கதையைத் தொடங்க முடியாமல் வேறு வேறு இடத்தில் தொடங்கிப் பார்த்தாயிற்று.

~ தாம்பரம் ஸ்டேஷனில் அன்று நல்ல மழை ~

அடித்தாயிற்று. மழையெல்லாம் இல்லை. கொளுத்துகிற வெயில். கதை என்றால் மழை பெய்ய வேண்டும் என்று எங்கேயோ கற்றுக்கொண்ட பழக்கம்.

~ என் பெயர் ஜாஸ்மின். என் அப்பா ஒரு ~

இதையும் அடித்தாயிற்று. இதற்கு மட்டும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது.

கிழக்குத் தாம்பரத்தில், படிக்க வசதியில்லாத பெண்களுக்கு இலவச விடுதி நடத்துகிற அறக்கட்டளை அது. பெயர் வேண்டாம். அங்கே நான் வேலை பார்த்தேன் என்று எழுத வந்து, 'நான்' வந்ததும் கை நின்றுவிட்டது, அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன் என்று எழுத வந்து மறுபடியும் நின்றுவிட்டது. விஷயம் இதுதான். இடம் கேட்டு வருகிற பெண்களின் கதையை, அவர்களே சொல்வதுபோல எழுதிக் கொடுப்பது கிறிஸ்டினாவின் வேலை. 'நான்' என்று ஆரம்பித்து 'நன்றி' என்று முடிய வேண்டும். முதலில் கமிட்டி படிக்கும். பிறகு ஆண்டு விழா மேடையில் வாசிப்பார்கள், நன்கொடையாளர்கள் கர்ச்சீப்பை எடுப்பார்கள். போன வருஷம் ரூக்சார் என்ற பெண் மேடையில் நின்று வாசித்த 'நான்' இவள் எழுதியது. அதற்கு முந்தின 'நான்'களும். இத்தனை பேருக்கு எழுதிக் கொடுத்த பிறகு, தன் கதை என்று வரும்போது அந்தச் சொல் யாரோ குடித்துவிட்டு வைத்த டம்ளர் மாதிரி இருக்கிறது. அதனால்தான் இந்தக் கதையில் 'அவள்'. இதை எழுதுகிறவளும் கிறிஸ்டினாவும் ஒருத்திதான். மறைக்க ஒன்றுமில்லை.

சம்பளம் கொஞ்சம்தான். மீதிக்கு அதே விடுதியில் மூன்றாம் மாடியில் ஜன்னலோரக் கட்டில். வேலையில் இருக்கிறவரைக்கும் கட்டில் என்பது பேச்சு. கல்லூரியில் படித்தபோதே அவளுக்குக் கிடைத்த கட்டில் அது. அப்போது அவளுடைய கதையை எழுதியது வேறொருவர். அவளுடைய அப்பா நிஜமாகவே குடித்தார். எழுதியவருக்கு வேலை மிச்சம்.

3.

இந்த வருஷம் ஒரே ஒரு கட்டில்தான் காலி. கேட்டது இரண்டு பேர்.

ஒருத்தி ஜாஸ்மின். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் இறங்கி, பஸ் பிடித்து, மெயின் ரோட்டில் இறங்கி உள்ளே நடந்தால் வருகிற காலனி. தாம்பரத்தில் நர்சிங் முதல் வருஷம். அடுத்த வாரம் ஆஸ்பத்திரிப் பயிற்சி தொடங்குகிறது. காலை ஏழு மணிக்கு வார்டில் நிற்க வேண்டும். காலனிப் பக்கம் முதல் பஸ் வருவதே ஏழுக்குத்தான். கட்டில் கிடைத்தால் படிப்பு. கிடைக்காவிட்டால் நின்றுவிட வேண்டியதுதான். வெளியில் ரூம் எடுக்கிற பேச்சே அந்த வீட்டில் கிடையாது.

இன்னொருத்தி ஹர்ஷா. வண்டலூர். அப்பாவின் அச்சகம் நொடித்துப்போய், கடன்காரர்கள் நேரம் காலம் இல்லாமல் கதவைத் தட்டுகிறார்கள். வண்டலூரிலிருந்து தாம்பரத்துக்கு ரயிலில் கால் மணி நேரம்கூட ஆகாது.

(ஹர்ஷாவை வில்லியாக்கிவிட எழுதுகிறவளுக்கு ரொம்ப ஆசை. ஒரு பாரா எழுதியும் பார்த்தாள்: விலை உயர்ந்த செருப்பு, அலட்சியமான முகம். கிழித்துப் போட்டாள். அந்தப் பெண் நேர்காணலில் அழுதது நிஜம். அவள் காலில் இருந்தது சாதாரண ரப்பர் செருப்பு.)

அறக்கட்டளையில் யாரிடமும் ஜாதி கேட்பதில்லை. வேதாசலம் சார் இதை மேடையிலேயே பெருமையாகச் சொல்வார். தெருப் பெயர் மட்டும் கேட்பார்கள். "ஊருக்குள்ளயாம்மா, காலனியா?"

4.

இடம் கொடுப்பதற்கு முன்னால் வீட்டைப் போய்ப் பார்ப்பது வழக்கம். கமிட்டியிலிருந்து தனம் மேடம் போவார், கூட கிறிஸ்டினாவும். முந்தின நாள் ஜாஸ்மினின் அம்மா தபீதாளுக்குக் கிறிஸ்டினா போன் போட்டாள்.

"ஆன்ட்டி, நாளைக்கு வர்றோம். வீடு எப்பவும் எப்படி இருக்குமோ அப்படியே இருக்கட்டும். ஒண்ணும் பண்ணாதீங்க, சரியா?"

"இன்னாம்மா பண்ணப் போறோம். நீ வா."

போனால், அந்தச் சின்னக் கூடத்தை அடைத்துக்கொண்டு சோபா. எதிர்வீட்டுப் பெண்ணின் கல்யாணச் சீர். தெருவே சேர்ந்து தூக்கி வந்து, கதவைக் கழற்றித்தான் உள்ளே நுழைத்திருக்கிறார்கள். ஒரு பக்கக் கதவு இன்னும் மாட்டப்படாமல் சுவரில் சாய்ந்திருந்தது. ஸ்டூலின் மேல் கண்ணாடி டம்ளர்கள், வியர்த்துக்கொண்டிருக்கிற கூல்ட்ரிங்ஸ் பாட்டில், தட்டு நிறைய முட்டை பப்ஸ். குடோனில் லோடு ஏற்றுகிற சிட்டிபாபு, ஜாஸ்மினின் அப்பா, லீவு போட்டு, ஷேவ் பண்ணி, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையில் நின்றார்.

கிறிஸ்டினா ஜாஸ்மினைப் பார்த்தாள். அவள் தரையைப் பார்த்தாள்.

"வாங்க மேடம், குந்துங்க… உக்காருங்க," என்றாள் தபீதாள்.

"இருக்கட்டும்மா. டைம் இல்ல."

"ஒரு வாய் கூல்ட்ரிங்ஸாவது…"

"எனக்கு ஷுகர்."

"தண்ணி குடிங்க மேடம், தண்ணிக்கு ஷுகர் ஒண்ணும் பண்ணாது," என்றார் சிட்டிபாபு. "கேன் தண்ணி. உங்களுக்குனே ஒடச்சது. நாங்ககூட இன்னும் வாய் வெக்கல."

தனம் மேடம் சிரித்தார். டம்ளரை வாங்கவில்லை. கண் மட்டும் கூடத்தைச் சுற்றி வந்து சோபாவில் நின்றது.

"சோபா எப்ப வாங்கினது?"

கிறிஸ்டினா வாயைத் திறப்பதற்குள் தபீதாள் முந்திக்கொண்டாள். வந்தவர்கள் முன்னால் இரவல் என்று சொல்ல அவளுக்கு நாக்கு வரவில்லை.

"இப்பத்தான் மேடம். புத்சு."

தனம் மேடம் காருக்குப் போனதும், கிறிஸ்டினா அடுப்படியில் தபீதாளைப் பிடித்துக்கொண்டாள். "ஒண்ணும் பண்ணாதீங்கன்னு சொன்னேனா இல்லையா? எதுக்கு ஆன்ட்டி இந்த வேல?"

தபீதாள் யாரும் தொடாத பப்ஸை ஒரு டப்பாவில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"வர்றவங்க குந்தணும்ல. போன தபா பாப்பாவோட டீச்சரு வந்துச்சு. சேரு போட்டேன். நின்னுகினே பேசிட்டு, நின்னுகினே போய்ட்ச்சு. தெருவே பாத்துகினு கீது. பிளாஸ்டிக் சேரு, அதான் குந்தலன்னு நெனச்சிகினேன்."

5.

அன்றே சாயங்காலம் வண்டலூர். அங்கேயும் சோபா இருந்தது. ஓரம் கிழிந்து பஞ்சு தெரிந்தது. தனம் மேடம் அதில் உட்கார்ந்தார். ஹர்ஷாவின் அம்மா காபி கொண்டுவந்தபோது, "அரை ஸ்பூன் சக்கரை மட்டும் போடுங்க," என்றார்.

திரும்பி வருகிற வழியில், பெருங்களத்தூர் சிக்னலில் கார் நின்றபோது, பெருமூச்சு விட்டார். "பாவம், வாழ்ந்து கெட்ட குடும்பம்.* சோபாவைப் பாத்தியா? எப்படி இருந்தவங்களோ."

"காலைல பாத்த சோபா மேடம்?"

"அதான் பாத்தேனே. புதுசு வாங்கத் தெரியுது, ஃபீஸ்னா மட்டும் நம்ம கிட்ட வந்துடறாங்க. இலவசம் குடுத்துக் குடுத்தே பழக்கிட்டாங்க இவங்கள."

அப்போதே சொல்லியிருக்கலாம், அது எதிர்வீட்டு சோபா என்று. சொல்லத்தான் திரும்பினாள். ஆனால் சொன்னால் தபீதாளைப் பொய்க்காரி ஆக்கியதாகிவிடும். சிக்னல் விழுந்தது.

* வாழ்ந்து கெட்டவர்கள் என்று சொல்லப்படுவதற்கு, முதலில் வாழ்ந்ததாக நாலு பேர் ஒப்புக்கொள்ள வேண்டும். காலனியில் கெட்டவர்கள் உண்டு. வாழ்ந்து கெட்டவர்கள் என்று யாரையும் எழுதுகிறவள் கேள்விப்பட்டதில்லை.

6.

வேதாசலம் சாரை எப்படி எழுதுவது என்பதில் குழப்பம். அவர் கெட்டவராக இருந்திருந்தால் இந்தப் பகுதி இரண்டு வரியில் முடிந்திருக்கும். ரயில்வேயில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். விடுதியில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் தன் வீட்டிலிருந்து கஞ்சி கொண்டுவந்து கொடுப்பார். கிறிஸ்டினா டிகிரி வாங்கிய அன்று அவள் அம்மாவைவிட அதிகமாக அழுதவர். அதனால்தான் அவர் சொன்னது இன்னும் காதிலேயே இருக்கிறது.

"தனம் மேடம்கிட்ட நான் பேசிக்கறேன்மா. கமிட்டி வெள்ளிக்கிழமை. ஜாஸ்மினுக்கே வாங்கிடலாம். நீ கதையை மட்டும் மாத்திக் குடு."

"எதை சார் மாத்தணும்?"

"அப்பாவை எடுத்துடு."

"சார்?"

"அந்த ஆள் வேலைக்குப் போறான், குடிக்கல, ஜோக் வேற அடிக்கறான். இதுல நாம உதவி பண்ண எடம் எங்கம்மா இருக்கு? குடிச்சே குடும்பத்தை அழிச்சான்னு ஒரு பாரா போடு. ஞாயித்துக்கிழமை ஆண்டு விழால படிச்சா நிக்கும். டோனர்ஸ் என்ன கேக்கறாங்க தெரியுமா? இவங்களுக்குத்தான் ரேஷன், பஸ்ஸு, காலேஜ் போனா மாசம் ஆயிரம்னு கவர்மென்ட்டே எல்லாம் குடுக்குதே, நாம வேற எதுக்குன்னு கேக்கறாங்க."

"பஸ்ஸு எல்லாப் பொம்பளைங்களுக்கும்தான் சார் ஃப்ரீ. ஆயிரம், கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்ச எந்தப் பொண்ணுக்கும் உண்டு. நீங்ககூடப் போன மாசம் ரயில்வே பாஸ்லதான காசி போய்ட்டு வந்தீங்க?"

"அது முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸுக்கு."

"சிட்டிபாபு அங்கிள் கல்யாணத்துக்கு முன்னேருந்து லோடு ஏத்தறாரு. அவருக்கு எந்த ஊருக்கு சார் பாஸ்?"

அவர் கோபப்படவில்லை. சிரித்தார். "இந்தக் கோவம் நல்லா இருக்கு. இதைக் கதையில கொண்டு வா."

7.

வியாழக்கிழமை போன் போட்டாள். ஸ்பீக்கரில் மூன்று பேரும் கேட்டார்கள். சார் சொன்னதை அப்படியே சொன்னாள். அந்தப் பக்கம் யாரோ டி.வி.யை அணைத்தார்கள்.

"எழுதிடுக்கா," என்றாள் ஜாஸ்மின். "எனக்குக் கட்டில் வேணும். பேப்பர்ல எழுதினா எங்கப்பா குடிகாரனாயிடுவாரா?"

"பேப்பர் இல்ல ஜாஸ்மின். மேடையில படிப்பாங்க. நீதான் படிக்கணும்."

"படிக்கறேன்."

"ந்தா, சும்மா இருடீ," என்றாள் தபீதாள். "ஒரு நாள் வாய் வெச்சிருப்பாராடீ அந்த மனுசன்?"

சிட்டிபாபு தொண்டையைச் செருமினார். "கிறிஸ்டினாம்மா, இப்டி பண்ணு. செத்துட்டேன்னு எழுதிக்க. குடிச்சேன்னு எழுதாத. செத்தவன ஒருத்தனும் திட்டமாட்டான்."

தபீதாள் ஏதோ கத்தினாள். அவர் அதைக் காதில் வாங்காமல், கொஞ்சம் யோசித்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"அப்ப ஞாயித்துக்கெழம விழாவுக்கு நான் வர முடியாதுல்ல?"

8.

இங்கேதான் கதை மாட்டிக்கொண்டது. இதுவரை எழுதிய முடிவுகள்:

கிறிஸ்டினா எழுதிக் கொடுக்கிறாள். அப்பா செத்துவிட்டார். ஜாஸ்மினுக்குக் கட்டில் கிடைக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அவள் மேடையில் 'என் தந்தை மறைந்த பிறகு' என்று வாசிக்கிறாள், எல்லோரும் கைதட்டுகிறார்கள். மண்டபத்துக்கு வெளியே டீக்கடையில், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, செத்தவர் நின்று கேட்கிறார். மைக் சத்தம் ரோடுவரை வருகிறது. கைதட்டலைக் கேட்டுவிட்டு டீக்கடைக்காரரிடம், "அது நம்ம பொண்ணுதான்" என்று

(இதற்கு மேல் எழுத முடியவில்லை. ஆனால் இந்த முடிவில் ஒரு பெண் நர்ஸாகிறாள். அதை லேசாகத் தள்ளிவிட எழுதுகிறவளுக்கு உரிமை இல்லை. ஜாஸ்மின் இன்னும் இதைத்தான் கேட்கிறாள். வியாழக்கிழமையிலிருந்து போன் அதிர்ந்துகொண்டே இருக்கிறது. 'அக்கா எழுதிட்டியா', 'அக்கா ப்ளீஸ்'.)

இன்னொன்று. கிறிஸ்டினா கமிட்டி முன்னால் நின்று ஒரு பேச்சுப் பேசுகிறாள். காலனி, ஊர், வரலாறு, எல்லாம். வேதாசலம் சார் தலை குனிகிறார். தனம் மேடம் நேராகக் காலனிக்குப் போய் அந்த சோபாவில் உட்கார்ந்து பப்ஸ் சாப்பிடுகிறார்.

இதை எழுதும்போது எழுதுகிறவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சோபா எதிர்வீட்டுக்குத் திரும்பிப் போயாயிற்று. கதவையும் மாட்டிவிட்டார்கள்.

9.

வெள்ளிக்கிழமை. மாற்றி எழுதாத கதையோடு கமிட்டி முன்னால் போய் நின்றாள். பெஞ்சு மாதிரி நீள மேஜை, அதன் கடைசியில் குறிப்பெடுக்க அவளுக்கும் ஒரு நாற்காலி உண்டு. அன்று அவள் உட்காரவில்லை. "ஹர்ஷாவுக்கு ஓகே. ஜாஸ்மின் இல்ல. அடுத்தது?" என்றார் கமிட்டித் தலைவர். அப்போதுதான் கேட்டாள்.

"ஏன் இல்லைன்னு காரணம் சொல்லுங்க சார்."

(இந்த வாக்கியத்தை நீங்கள் ஏற்கெனவே கேட்டிருக்கிறீர்கள். இப்போது எப்படி இருக்கிறது?)

வேதாசலம் சார் 'வேண்டாம்' என்று கண்ணால் சொன்னார். தனம் மேடம்தான் பதில் சொன்னார், பொறுமையாகவே.

"அங்க சோபா இருக்கும்மா. நீயும் கூடத்தான வந்த?"

"அது எதிர்வீட்டு சோபா மேடம். நீங்க உக்காரணும்னு தூக்கிட்டு வந்தாங்க. நீங்க உக்காரல. எண்ணிட்டு மட்டும் வந்துட்டீங்க."

"இரவலா?" தனம் மேடம் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா? புதுசா வாங்கினதுன்னு என் மூஞ்சிக்கு நேரா சொன்னாங்க. ட்ரஸ்ட்டையே ஏமாத்தறாங்க. இவங்க இப்படித்தான்."

சோபா சொந்தம் என்றால் வசதி. இரவல் என்றால் மோசடி. பிளாஸ்டிக் சேர் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது தபீதாளுக்கு ஏற்கெனவே தெரியும்.

"'இவங்க'ன்னா யாரு மேடம்?"

"கிறிஸ்டினா," என்றார் வேதாசலம் சார். "கதை எங்கம்மா? நான் கேட்ட கதை?"

"எழுதல சார்."

"எழுதியிருந்தா ஏதாவது பண்ணியிருப்பேனே."

"உயிரோட இருக்கற மனுசன் சார் அவரு. அவரைச் சாகடிச்சாத்தான் இரக்கம் வரும்னா, அந்த இரக்கத்துக்கு நான் எழுதிக் குடுக்க மாட்டேன். ஹர்ஷாவுக்குக் குடுங்க, அவளுக்கும் வேணும். ஜாஸ்மினுக்கு என் கட்டிலக் குடுங்க."

"உன் கட்டிலா? அப்ப நீ?"

"வேலையில இருக்கறவரைக்கும்தான கட்டில்? நான் போறேன்."

வேதாசலம் சார் கண்ணாடியைக் கழற்றினார். "அவசரப்படாதம்மா. கட்டில் உன்னுது இல்ல, ட்ரஸ்ட்டோடது. நீ போனாலும் அது யாருக்குன்னு கமிட்டிதான் முடிவு பண்ணும்."

"பண்ணுங்க சார். ஆனா இந்த வாட்டி காரணத்தச் சொல்லிட்டுப் பண்ணுங்க."

(இதைத் தியாகம் என்று யாரும் நினைத்துக் கண் கலங்க வேண்டாம். கண் கலங்க வைக்கிற வேலையைத்தான் விட்டுவிட்டு வருகிறாள். அவளுக்குப் போக அம்மா வீடு இருக்கிறது. சுருக்கமாகச் சொன்னால், இனி எழுத முடியாது என்பது காலையில் பல் தேய்க்கும்போதே தெரிந்துவிட்டது. துணிப்பையை அப்போதே கட்டி, கீழே வாட்ச்மேன் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். மேலே வந்தது கேள்வி கேட்க மட்டும்தான்.)

10.

கமிட்டி இன்னும் கலையவில்லை. மூன்றாம் மாடி ஜன்னலோரக் கட்டில் காலி. மெத்தையைச் சுருட்டி வைத்தாயிற்று. ஜாஸ்மின் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வார்டில் நிற்பாளா, இல்லையா என்று எழுதுகிறவளுக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி எழுதவும் போவதில்லை. அந்தப் பெண் இனி இவளோடு பேசுவாளா என்பதும் தெரியாது. போன் பைக்குள் அதிர்கிறது.

மேஜையின் கடைசியில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது. அதில் நீங்கள் உட்காருங்கள். காலனி வீட்டையும் பார்த்தீர்கள், வண்டலூர் வீட்டையும் பார்த்தீர்கள். சிட்டிபாபு உயிரோடுதான் இருக்கிறார், வேலைக்குப் போகிறார், குடிப்பதில்லை. அந்தக் காலிக் கட்டில் யாருக்கு? வாய்விட்டுச் சொல்லுங்கள், காரணத்தோடு. முதல் பகுதியில் கையில் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அதையும் மேஜைமேல் வையுங்கள்.

ஆமாம், 'சொன்னேனே' என்றுதான் எழுதியிருக்கிறேன். அடிக்கவில்லை.

நான் படி இறங்கிவிட்டேன். பையை எடுத்தாயிற்று. வாட்ச்மேன், "இன்னாம்மா, ஊருக்கா?" என்றார். கேட்டைத் திறந்து ஸ்டேஷன் பக்கம் நடக்கிறேன்.

நீங்க உக்காருங்க. நின்னுகினே போய்டாதீங்க.